கோமாளி மீனின் உடம்பில் வெள்ளைப் புள்ளி: கண்டுபிடிப்பதும் காப்பாற்றுவதும்

வெள்ளைப்புள்ளி நோயை மற்ற மீன்களில் கண்டுபிடிப்பதைவிடக் கோமாளி மீனில் கண்டுபிடிப்பது சிரமம். ஆரஞ்சு உடம்பில் ஏற்கெனவே மூன்று வெள்ளைப் பட்டைகள். அவற்றின்மேல் விழுகிற புள்ளி கண்ணில் படாது. போதாததற்குக் கடல்நீர்த் தொட்டிக்கு நாம் போடும் நீல விளக்கு. அந்த வெளிச்சத்தில் பவளம் மின்னும், மீன் ஜொலிக்கும், புள்ளி மட்டும் தெரியாது. ‘மீன்மேல ஏதோ ஒட்டியிருக்கே’ என்று வீட்டில் ஒருவர் சொல்லும்போது நோய் பெரும்பாலும் ஒரு சுற்று முடித்து அடுத்த சுற்றில் இருக்கும்.

அதனால் சந்தேகம் வந்தவுடன் நீல விளக்கை அணைத்துவிட்டு வெள்ளை விளக்கில் பாருங்கள். செல்போன் டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டிலிருந்து அடியுங்கள். பட்டைகளை விட்டுவிட்டு ஆரஞ்சுப் பகுதியையும், ஒளி ஊடுருவும் துடுப்பு ஓரங்களையும் கவனியுங்கள். மார்புத் துடுப்பிலும் வால் துடுப்பிலும்தான் முதல் புள்ளி எளிதாகச் சிக்கும். இரண்டு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். மறுநாள் அதே நேரத்தில் இன்னொரு படம். இந்தப் படங்கள் எவ்வளவு உதவும் என்று பின்னால் சொல்கிறேன்.

முதல் கடல்நீர்த் தொட்டி வைத்து, ஒரு ஜோடி ஒசெலாரிஸ் வகைக் கோமாளிகளை வாங்கிவிட்டு, இப்போது பதறிப்போய் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவர்கள் மனதில் ஒன்று பதிந்தால் போதும். மீன்மேல் தெரியும் புள்ளி நோயின் ஒரு பகுதிதான். மீதி தொட்டியின் மணலிலும் பாறையிலும் கண்ணாடியிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இது பிடிபட்டுவிட்டால், எந்தச் சிகிச்சை வேலை செய்யும், எது காசைத்தான் கரைக்கும் என்று நீங்களே சொல்லிவிடலாம்.

முதலில் மூச்சு, பிறகு புள்ளி

புள்ளியை எண்ணுவதற்கு முன் செவுளைப் பாருங்கள். கோமாளி மீனுக்குப் ‘புள்ளி’ காட்டும் நோய்கள் சில உண்டு. அவற்றில் இரண்டு ஓரிரு நாளிலேயே மீனைக் கொன்றுவிடும். அந்த இரண்டும் செவுளைத் தாக்குபவை, அதனால் மூச்சில் தெரிந்துவிடும். மீன் நன்றாக இருக்கும் காலத்திலேயே, ஒரு நிமிடத்துக்குச் செவுள் மூடி எத்தனை முறை அசைகிறது என்று எண்ணி எழுதி வைத்துக்கொள்வது மிக நல்ல பழக்கம். சந்தேகம் வரும் நாளில் அதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

மூச்சு வேகமாக இருந்தால், மீன் கழிவிலிருந்து தண்ணீரில் சேரும் நச்சான அமோனியாவை உடனே சோதியுங்கள். தொட்டியிலுள்ள எல்லா மீனும் ஒரே நேரத்தில் மூச்சு வாங்கினால் நோயைவிடத் தண்ணீர்மீதுதான் முதல் சந்தேகம் வர வேண்டும். சென்னை மாதிரி ஊரில் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாத தொட்டி கோடையில் 30 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, உப்புத் தண்ணீரில் இன்னும் குறைவு. அலை எழுப்பும் பம்பை மேற்பரப்பை நோக்கித் திருப்பி, ஒரு ஏர் ஸ்டோனும் போட்ட பிறகு மூச்சு சீரானால் பாதிக் கவலை தீர்ந்தது.

கோமாளி மீனின் சில இயல்பான நடத்தைகளைப் பார்த்தும் புதியவர்கள் பயந்துவிடுகிறார்கள். ஒசெலாரிஸ் உடம்பை ஆட்டி ஆட்டித்தான் நீந்தும். இரவில் ஒரு மூலையில் சாய்ந்து படுத்தாற்போல் தூங்கும், அப்போது நிறமும் சற்று மங்கியிருக்கும். புதிய பவளத்திலோ கடல் சாமந்தியிலோ (அனிமோன்) உரசிப் பழகும்போது சில மீன்களுக்குக் கருப்புத் திட்டுகள் வரும், அவை தானாக மறைந்துவிடும். இவற்றுக்கெல்லாம் மருந்து வேண்டாம்.

எந்தப் புள்ளி எந்த நோய்?

உண்மையான கடல் வெள்ளைப்புள்ளி நோய்க்குக் காரணம் கிரிப்டோகாரியான் இரிட்டன்ஸ் என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. மீன் வளர்ப்பவர்கள் சுருக்கமாக ‘இக்’ என்பார்கள். புள்ளிகள் பொடி உப்பு தூவியதுபோல் இருக்கும். தனித்தனியாக, எண்ணக்கூடிய அளவில், லேசாக மேடு தட்டித் தெரியும். ஒன்றின் அளவு அரை மில்லிமீட்டர் வரை. மீன் பாறையில் உடம்பை உரசும், துடுப்பை உதறும், ஆனாலும் ஆரம்ப நாட்களில் நன்றாகவே சாப்பிடும். இந்த நிலையில் உங்களுக்கு நேரம் இருக்கிறது, நிதானமாக ஏற்பாடு செய்யலாம். கோமாளி மீனின் சளிப்படலம் தடிமனானது. அதனால் டோரி என்று நாம் அழைக்கும் நீல டாங் மீனை இக் வாட்டும் அளவுக்குக் கோமாளியை வாட்டுவதில்லை. இதிலேயே ஒரு ஆபத்தும் இருக்கிறது. கோமாளி மேல் ஒரு புள்ளிகூடத் தெரியாமல் செவுளுக்குள் ஒட்டுண்ணியைச் சுமந்துகொண்டிருக்கலாம்.

இரண்டாவது வெல்வெட். காரணம் அமிலூடினியம் ஒசெல்லாட்டம், இது வேறு வகை ஒட்டுண்ணி. புள்ளிகள் மிக நுண்ணியவை. எண்ண முடியாது, தோலின்மேல் தூசு படிந்த மாதிரி தெரியும். சாய்ந்த வெளிச்சத்தில் லேசான பொன் நிறம் அடிக்கும். அந்தத் தூசு தெரிவதற்கு முன்பே செவுள் பாதிக்கப்பட்டிருக்கும். மூச்சு படபடவென்று இருக்கும். மீன் வெளிச்சத்தை விட்டு ஒதுங்கும், பம்பிலிருந்து தண்ணீர் வேகமாக வரும் இடத்தில் அதற்கு எதிராக முகத்தை வைத்து நிற்கும், சாப்பாட்டைத் தொடாது. ஒரு புள்ளியும் தெரியாமலேயே வெல்வெட்டால் இறந்துபோகும் மீன்கள் உண்டு. இந்த அறிகுறிகளைக் கண்டால் ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடவே கூடாது.

மூன்றாவது புரூக்ளினெல்லா. கோமாளி மீன்களை அதிகம் தாக்குவதால் ‘கோமாளி மீன் நோய்’ என்றே இதற்கு ஒரு பெயர் உண்டு. கடலிலிருந்து பிடித்து, பல கைகள் மாறி, களைத்துப்போய் வந்து சேரும் மீன்களுக்கு வாங்கிய முதல் ஓரிரு வாரத்தில் வரும். இதில் புள்ளி இருக்காது, திட்டு இருக்கும். தலைப்பக்கத்திலிருந்து தோல் வெளுக்கும், சளி தடிமனாகி நூல் நூலாக உரிந்து தொங்கும். மூச்சும் வேகமாகும். இதுவும் அவசரம்தான்.

நான்காவது லிம்போசிஸ்டிஸ் என்ற வைரஸ் நோய். துடுப்பு ஓரத்தில் காலிஃபிளவர் துணுக்குபோல் கட்டியாக வளரும். வாரக்கணக்கில் அதே இடத்தில் இருக்கும். மீன் சாப்பிடும், நீந்தும், ஒன்றும் ஆகாது. மருந்து கிடையாது, தேவையும் இல்லை. தண்ணீரும் உணவும் நன்றாக இருந்தால் காலப்போக்கில் தானாகக் கரையும்.

இங்கேதான் நீங்கள் எடுத்த படங்கள் கைகொடுக்கும். இக் ஒட்டுண்ணி ஒரு மீன்மேல் 3 முதல் 7 நாள் வரைதான் இருக்கும், பிறகு இறங்கிவிடும். ஆகவே புள்ளிகள் நாளுக்கு நாள் இடம் மாறும், கூடும், குறையும். ஒரே புள்ளி பத்து நாளாக அதே இடத்தில் அசையாமல் இருந்தால் அது இக் இல்லை. சில மணி நேரத்தில் காணாமல் போனால் ஒட்டிக்கொண்ட மணலோ காற்றுக்குமிழியோதான்.

புள்ளி மறைந்தால் நோய் போய்விட்டதா?

இல்லை. கடல் மீன் வளர்ப்பில் அதிக மீன்களைப் பலி வாங்கிய தவறான நம்பிக்கை இதுதான் என்பேன்.

மீன்மேல் நீங்கள் பார்க்கும் புள்ளி, தோலின் மேலடுக்குக்குக் கீழே புகுந்து தின்றுகொண்டிருக்கும் ஒட்டுண்ணி. தோலுக்குள் பத்திரமாக இருப்பதால் தண்ணீரில் கலக்கும் மருந்து அதை எட்டுவதில்லை. கொழுத்த பிறகு, பெரும்பாலும் இருட்டு நேரத்தில், மீனை விட்டு இறங்கும். சில மணி நேரம் அடித்தரையில் ஊர்ந்துவிட்டு மணல், பாறை, கண்ணாடி, நத்தை ஓடு என்று கிடைத்த இடத்தில் ஒட்டி, தன்னைச் சுற்றிக் கெட்டியான கூடு கட்டிக்கொள்ளும். இந்தக் கூட்டையும் மருந்து துளைக்காது. உள்ளே அது பிரிந்து பிரிந்து பெருகும். ஒரு கூட்டிலிருந்து 200 குஞ்சுகள் வரைகூட வெளிவரலாம். அவை வெளிவருவதும் பெரும்பாலும் விடிவதற்கு முந்தைய இருட்டில்தான்.

கோமாளி மீன் எங்கே தூங்கும் என்று யோசித்துப் பாருங்கள். தினமும் ஒரே மூலையில், அல்லது ஒரே கடல் சாமந்தியின் மடியில். ஒட்டுண்ணி இறங்குவதும் அங்கேதான், குஞ்சுகள் கிளம்பி வரும்போது மீன் படுத்திருப்பதும் அங்கேதான். கடலில் இந்தக் குஞ்சுகளில் மிகப் பெரும்பாலானவை மீனையே காணாமல் செத்துப்போகும். மீன் கிடைக்காவிட்டால் அவற்றுக்கு ஆயுள் ஒன்றிரண்டு நாள்தான், அதிலும் முதல் சில மணி நேரம்தான் முழு வீரியம். 100 லிட்டர் தொட்டியில் தேடவே வேண்டியதில்லை. கடலில் மீனுக்குப் பெரிய தொல்லை தராத ஒட்டுண்ணி, தொட்டியில் கொலைகாரனாவது இதனால்தான்.

மருந்து கொல்லக்கூடியது இந்த நீந்தும் குஞ்சுப் பருவத்தை மட்டுமே. ஆகவே எல்லாக் கூடுகளும் வெடித்து முடியும்வரை மருந்து தண்ணீரில் இருக்க வேண்டும், அல்லது கூடுகள் இருக்கும் இடத்தில் மீன் இருக்கக் கூடாது. சிகிச்சை என்ற பெயரில் நாம் செய்வதெல்லாம் இந்த இரண்டில் ஒன்றுதான்.

ஒட்டுண்ணி முழுச் சுற்றையும் முடிக்க ஓரிரு வாரமோ அதற்கு மேலோ ஆகும். எதுவும் செய்யாமல் விட்டாலும் ஐந்தாம் நாள் புள்ளிகள் காணாமல் போகலாம். அந்த நேரம் பார்த்து நீங்கள் பூண்டுச் சாறு கலந்த உணவு கொடுத்திருந்தால் பூண்டுதான் குணப்படுத்தியது என்று நம்பிவிடுவீர்கள். அடுத்த வாரம் புள்ளிகள் பல மடங்காகத் திரும்பும். பூண்டு மீனுக்குப் பசியைத் தூண்டலாம், இக்கைக் கொன்றதாக நம்பகமான சான்று இல்லை. சுத்தம் செய்யும் இறால் மீன்மேல் ஏறிக் கொத்துவதைப் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் தோலுக்குள் இருக்கும் ஒட்டுண்ணியை அதனால் எடுக்க முடியாது. புறஊதா விளக்கு நீந்தும் குஞ்சுகளில் ஒரு பங்கைக் குறைக்கும், ஒழிக்காது. தப்பிப் பிழைக்கும் மீனுக்குச் சில மாதங்களுக்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி வரும். அதனால் தொட்டி அமைதியாக இருக்கும். பிறகு ஒரு புது மீனோ, மின்வெட்டோ, சூடு ஏறிய கோடையோ வந்ததும் மறுபடி வெடிக்கும்.

நன்னீர்ப் பழக்கம் இங்கே செல்லாது

தங்கமீன், கப்பி, மோலி வளர்த்துப் பழகியவர்களின் கை தானாகப் போகும் வைத்தியங்கள் மூன்று: கல்லுப்பு, சூடு, நீல மருந்து. நன்னீர் வெள்ளைப்புள்ளியும் கடல் வெள்ளைப்புள்ளியும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் இரண்டும் வேறு வேறு உயிரிகள், நெருங்கிய சொந்தம்கூடக் கிடையாது. உப்புத் தண்ணீரிலேயே வாழும் ஒட்டுண்ணியை உப்பு போட்டுக் கொல்ல முடியாது. ஹீட்டரைக் கூட்டி வைத்தால் கடல் இக் சாகாது, செவுள் கெட்ட மீனுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன்தான் குறையும். மெத்திலீன் புளூவைப் பிரதான தொட்டியில் ஊற்றினால் வடிகட்டியில் வாழும் நல்ல பாக்டீரியா செத்து, மீன் அமோனியாவில் மூச்சுத் திணறும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தாமிர மருந்தைப் பவளமும், லைவ் ராக் என்னும் உயிர்கள் குடியிருக்கும் பாறையும் இருக்கும் தொட்டியில் ஒருபோதும் போடாதீர்கள். தாமிரம் பவளம், கடல் சாமந்தி, இறால், நத்தை எல்லாவற்றையும் கொல்லும். பாறையும் மணலும் அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு மெல்ல மெல்லக் கசியவிடும். ‘பவளத்துக்கும் பாதுகாப்பு, இக்கையும் கொல்லும்’ என்று விற்கப்படும் பாட்டில்கள்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. நத்தையையும் இறாலையும் ஒன்றும் செய்யாத மருந்து இந்த ஒட்டுண்ணியை மட்டும் எப்படித் தேடிப்போய்க் கொல்லும்?

தனித் தொட்டி

மீனை வெளியே எடுத்துத்தான் வைத்தியம் செய்ய வேண்டும். ஒரு ஜோடி சிறிய கோமாளிகளுக்கு 40 லிட்டர் போதும். கண்ணாடித் தொட்டி இல்லாவிட்டால் உணவுப்பொருள் வைக்கும் தரத்திலான பிளாஸ்டிக் டப்பாவும் சரி. அடியில் மணல் வேண்டாம், பாறை வேண்டாம். ஒளிந்துகொள்ள இரண்டு பி.வி.சி. குழாய்த் துண்டுகள், ஒரு ஏர் பம்ப், ஒரு ஸ்பாஞ்ச் வடிகட்டி, ஒரு மூடி. கோமாளி துள்ளும் மீன், மூடியை மறக்காதீர்கள். மின்வெட்டுக்கு ஒரு பேட்டரி ஏர் பம்ப் கைவசம் இருக்கட்டும்.

வெறும் தொட்டியில் பாக்டீரியா இல்லாததால் அமோனியா ஏறும். கடல்நீரின் பி.எச். 8.2 அளவில் அமோனியாவின் நச்சுத்தன்மை அதிகம். தினமும் சோதித்து, தேவைப்பட்டால் தண்ணீர் மாற்றுங்கள். நோயைவிட இந்த அமோனியாவால் தனித் தொட்டியில் செத்த மீன்கள்தான் அதிகமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

புள்ளி உள்ள மீனை மட்டும் எடுத்தால் போதாது. தொட்டியிலிருக்கும் எல்லா மீனும் வெளியே வர வேண்டும். ஒன்றை விட்டுவைத்தாலும் ஒட்டுண்ணிக்குச் சோறு கிடைத்துக்கொண்டே இருக்கும்.

இக் என்று உறுதியானால்: தொட்டி மாற்றும் முறை

புதியவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். மருந்தே இல்லை, 1980களிலிருந்து தெரிந்த முறை, செலவு உப்புக்கு மட்டும். ஒட்டுண்ணியின் காலக் கணக்கையே அதற்கு எதிராகத் திருப்புகிறோம்.

ஒட்டுண்ணி மீனிலிருந்து இறங்கிக் கூடு கட்டிய பிறகு, அதிலிருந்து குஞ்சுகள் வெளிவரக் குறைந்தது 3 நாள் ஆகும். அதற்குள் மீனைப் புதுத் தண்ணீர் நிரம்பிய வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டால் கூடுகள் பழைய தொட்டியிலேயே தங்கிவிடும். மீன்மேல் ஒட்டியிருப்பவை 7 நாளுக்குள் இறங்கித்தான் ஆக வேண்டும். ஆகவே 1ஆம் நாள் முதல் தொட்டி, பிறகு 4, 7, 10, 13ஆம் நாட்களில் மாற்றம். நாலு மாற்றத்தோடு மீன் சுத்தமாகிவிடும்.

ஒவ்வொரு முறையும் 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. ‘சனிக்கிழமை லீவுதானே, அப்போது மாற்றிக்கொள்ளலாம்’ என்று ஒரு நாள் தள்ளினால் மொத்தக் கணக்கும் கெட்டுவிடும். இரண்டு தொட்டிகள் போதும், ஒன்றில் மீன் இருக்கும்போது மற்றதைக் கழுவி முழுக்கக் காயவிடலாம். காய்ந்தால் கூடுகள் சாகும். ஏர் ஸ்டோன், குழாய், வலை, வெப்பமானி எல்லாவற்றுக்கும் இரண்டு செட் வேண்டும். பழையதில் ஈரமாக இருந்த எதுவும் புதியதில் போகக் கூடாது. மீனோடு போகும் தண்ணீரும் முடிந்தவரை குறைவாக இருக்கட்டும். புதுத் தண்ணீரை முந்தின நாளே கலக்கி, உப்பளவும் வெப்பமும் பழைய தொட்டியோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். 40 லிட்டருக்குச் சுமார் 1.4 கிலோ உப்பு, ஐந்து முறை நிரப்ப 7 கிலோ. மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீரே புதிதாகிவிடுவதால் அமோனியாவும் பெரிதாக ஏறாது.

இந்த முறை இக்குக்கு மட்டுமே. வெல்வெட்டுக்கும் புரூக்ளினெல்லாவுக்கும் இதை நம்பாதீர்கள்.

தாமிரம்

இக், வெல்வெட் இரண்டுக்கும் வேலை செய்யும். எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை, மூச்சும் வேகமாக இருக்கிறது என்றால் நான் தாமிரத்தைத்தான் தேர்ந்தெடுப்பேன். மருந்தின் வகைக்கு ஏற்ப அளவு மாறும், இதில் குழம்பித்தான் பலர் மீனை இழக்கிறார்கள். கியூப்ரமைன் என்ற மருந்துக்கு லிட்டருக்கு 0.5 மில்லிகிராம். காப்பர் பவர் போன்ற, பிணைக்கப்பட்ட தாமிர வகைக்கு 2.0 முதல் 2.5 மில்லிகிராம். ஒன்றின் அளவை மற்றதற்குப் போட்டால், ஒரு பக்கம் மீன் சாகும், மறுபக்கம் ஒட்டுண்ணி பிழைக்கும். பாட்டிலின் லேபிளைப் படியுங்கள், அந்த வகையை அளக்கக்கூடிய சோதனைக் கருவியை மருந்தோடு சேர்த்தே வாங்குங்கள். கருவி இல்லாமல் தாமிரம் போடாதீர்கள். இவை எல்லா மீன்கடையிலும் கிடைப்பதில்லை. மீன் வாங்கும் காலத்திலேயே வாங்கி வைத்துக்கொண்டால் அவசரத்தில் அலைய வேண்டியிருக்காது.

இக் என்றால் இரண்டு மூன்று நாளில் படிப்படியாக ஏற்றி, முழு அளவை 30 நாள் இறங்காமல் வைத்திருக்க வேண்டும். நடுவில் ஒரு நாள் அளவு கீழே போனால் எண்ணிக்கையை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குங்கள். தண்ணீர் மாற்றும்போது புதுத் தண்ணீரிலும் அதே அளவு தாமிரத்தைக் கலந்தே ஊற்ற வேண்டும். கார்பன் தாமிரத்தை உறிஞ்சிவிடும், வடிகட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். அமோனியாவை முறிக்கும் பாட்டில் மருந்துகளைத் தாமிரத்தோடு சேர்க்காதீர்கள், சில வகைகள் தாமிரத்தை மீனுக்குக் கொடிய நஞ்சாக மாற்றிவிடும். அமோனியா ஏறினால் தண்ணீரை மாற்றுவதுதான் வழி.

வெல்வெட் என்றால் நேரம் குறைவு. செவுளுக்கு உடனடி ஆறுதல் தர நன்னீர்க் குளியல் கொடுக்கலாம். ஆர்.ஓ. தண்ணீரில் துளி சமையல் சோடா சேர்த்து பி.எச்.சைத் தொட்டியின் அளவுக்குக் கொண்டுவந்து, வெப்பத்தையும் சமமாக்கி, நன்றாகக் காற்றடித்து, அதில் மீனை 5 நிமிடம் விடுவது. மீன் சற்றுச் சாய்ந்து படுக்கக்கூடும், பக்கத்திலேயே நின்று பாருங்கள், துவண்டுவிட்டால் உடனே எடுத்துவிடுங்கள். இது முதலுதவிதான், அங்கிருந்து மீன் நேராகத் தாமிரத் தொட்டிக்குப் போக வேண்டும். இக்குக்கு இந்தக் குளியல் பயன்படாது, தோல் அதை உள்ளே பாதுகாத்துவிடும்.

குளோரோகுயின் பாஸ்பேட் என்ற மருந்தும் இந்த இரண்டு நோய்க்கும் வேலை செய்யும். ஆனால் மலேரியா மாத்திரையை வாங்கிப் பொடித்துப் போடும் யோசனை வேண்டாம். மாத்திரையில் வேறு சேர்மானங்கள் இருக்கும், அளவும் கைக்கு வராது.

உப்பைக் குறைக்கும் முறையும் ஒன்று உண்டு. தண்ணீரின் உப்பளவைக் காட்டும் ஒப்படர்த்தியை 1.009க்கு இறக்கி 30 நாள் அங்கேயே நிறுத்துவது. இக்குக்குப் பெரும்பாலும் பலிக்கும், ஆனால் குறைந்த உப்பைத் தாங்கும் இக் வகைகளும் பதிவாகியுள்ளன, வெல்வெட்டுக்குப் பயனே இல்லை. உப்பை அளக்கும், சரியாக அளவுதிருத்திய ரிஃப்ராக்டோமீட்டர் கருவி இல்லாமல் இதில் இறங்க வேண்டாம்.

புரூக்ளினெல்லா என்றால் தாமிரத்தை நம்ப முடியாது, ஃபார்மலின் வேண்டும். 37 சதவீத ஃபார்மலின் லிட்டருக்கு 0.15 மில்லி, அதாவது 10 லிட்டர் வாளிக்கு 1.5 மில்லி, அதுவும் கடல்நீரில்தான். பலமாகக் காற்றடித்தபடி 30 முதல் 45 நிமிடம் குளியல், பிறகு சுத்தமான வேறு தொட்டி. நம் ஊர்ச் சூட்டில் இதற்கு மேல் அளவைக் கூட்டாதீர்கள். ஓரிரு நாள் இடைவெளி விட்டு இரண்டு மூன்று முறை திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். ஃபார்மலின் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. கையுறை போட்டு, ஜன்னல் திறந்த இடத்தில், குழந்தைகள் பக்கத்தில் இல்லாதபோது மட்டும் கையாளுங்கள். பாட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிவு கட்டியிருந்தால் அந்த மருந்து மீனுக்கு விஷம், தூர வைத்துவிடுங்கள்.

காலியாக இருக்கும் பிரதான தொட்டி

மீன் ஒரு பக்கம் குணமாகிக்கொண்டிருக்கும்போது, பிரதான தொட்டி மீன் இல்லாமல் பட்டினி கிடக்க வேண்டும். எத்தனை நாள்? ஆய்வகத்தில் ஒரு கூடு 72 நாள் கழித்தும் வெடித்திருக்கிறது. அதனால்தான் 76 நாள் என்று பல காலமாகச் சொல்லி வருகிறார்கள். தொட்டியைச் சூடாக வைத்து இதைச் சுருக்கலாம் என்பவர்களும் உண்டு. என்னைக் கேட்டால் முழுக் காலமும் காத்திருங்கள். இரண்டரை மாதம் வெறும் தொட்டியைப் பார்ப்பது கஷ்டம்தான், ஆனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்வது அதைவிடக் கஷ்டம்.

இந்த நாட்களில் பவளம், நத்தை, இறால், கடல் சாமந்தி எல்லாம் அங்கேயே இருக்கலாம், இக் மீனை மட்டுமே தின்று வாழும். இறாலுக்கும் சாமந்திக்கும் வழக்கம்போல் தீனி போடுங்கள், பாக்டீரியாவும் பட்டினி கிடக்காது. பிரதான தொட்டியில் நனைந்த கையைக் கழுவித் துடைக்காமல் மீன் இருக்கும் தொட்டிக்குள் விடாதீர்கள். இரண்டு தொட்டிகளும் குறைந்தது 3 மீட்டர் தள்ளி இருப்பது நல்லது. வெல்வெட் ஒட்டுண்ணி காற்றில் பறக்கும் நீர்த்துளிகளோடு அவ்வளவு தூரம் போகக்கூடும் என்று சோதனையில் தெரியவந்திருக்கிறது.

அடுத்த மீன் வாங்கும்போது

ராமேஸ்வரம் அருகே மண்டபம் என்ற ஊரிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய மையமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீன்களைப் பண்ணையில் குஞ்சு பொரிக்கவைத்து வளர்த்துக் காட்டியவை. பண்ணைக் குஞ்சு கிடைத்தால் அதையே வாங்குங்கள். கடலில் பிடித்த மீனைவிடத் திடமாக இருக்கும், தீனிக்கும் உடனே பழகும், புரூக்ளினெல்லா வரும் வாய்ப்பும் குறைவு. ஆனால் கடையில் பல தொட்டிகளுக்கு ஒரே தண்ணீர் சுற்றும் ஏற்பாடு இருந்தால், பண்ணையில் பிறந்த மீனும் அங்கே இக் வாங்கிக்கொண்டுதான் வரும்.

ஆகவே எந்த மீனாக இருந்தாலும் முதலில் தனித் தொட்டிக்குத்தான் போக வேண்டும். அங்கே தொட்டி மாற்றும் முறையைச் செய்துவிட்டு, இன்னும் இரண்டு வாரம் மூச்சையும் தோலையும் கவனித்துவிட்டுப் பிரதான தொட்டியில் விடுங்கள். புதுப் பவளத்தின் அடிக்கல்லிலும் நத்தையின் ஓட்டிலும் கூடுகள் ஒட்டிக்கொண்டு வரலாம். அவற்றுக்கும் மீன் இல்லாத ஒரு சிறு தொட்டியில் அதே 76 நாள்தான் கணக்கு. பவளம் வந்த பையிலுள்ள தண்ணீரைத் தொட்டிக்குள் ஊற்றாமல் வெளியே கொட்டிவிடுங்கள்.